தொலைபேசிக் கம்பி பழுதானால் செலவு யாருடையது?

கிராமங்களில் குடிநீர்க் குழாய் பதிக்கும்போதும் வாய்க்கால் வெட்டும்போதும், மண்ணில் புதைந்துள்ள தொலைபேசிக் கம்பி அறுபடுவதுண்டு. பல வீடுகளில் பேச்சும் இணையமும் ஒருங்கே நின்றுவிடுகின்றன. செலவை ஏற்பவர் யார் என்னும் பூசல் உடனே எழுகிறது. இதற்குரிய நியதி எளியதே. உடைமை எவருடையதோ, அதைப் பேணும் பொறுப்பும் அவருடையது. பிறர் கெடுத்தால், ஈடு செய்யும் கடமை கெடுத்தவருடையது.

வீட்டின் இணைப்புப் பெட்டி வரை வரும் கம்பி பொதுவாக நிறுவனத்தின் உடைமை. மழையினாலோ, நாட்பட்ட தேய்வினாலோ அது பழுதுற்றால் சீர்செய்வது நிறுவனத்தின் வேலை. பெட்டிக்கு இப்பால் நாம் இழுத்துக்கொண்ட கம்பியும், விலைக்கு வாங்கிய கருவியும் நம் பொறுப்பு. நிறுவனம் இரவலாகத் தந்த கருவி பற்றிய நிபந்தனைகளை, இணைப்புப் பெறும்போதே படித்தறிதல் நலம்.

பழுது எப்பக்கம் என்று அறிவது எப்படி? செப்புக் கம்பி இணைப்பானால், நல்ல கருவியொன்றை முதற் பெட்டியில் நேரே மாட்டிப் பார்க்கலாம். ஒலி கேட்டால் பழுது வீட்டினுள். கேளாவிடில் பெரும்பாலும் வெளியே. கண்ணாடி இழை இணைப்பில் ‘லாஸ்’ என்னும் சிவப்பு விளக்கு எரிந்தால், ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அறுந்த இழையைக் கையால் முறுக்கி இணைத்தல் இயலாது. பொதுவாக இயந்திரத்தால் உருக்கி இணைப்பர். ஆகவே நாமே அதைத் தொடலாகாது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இங்கே விழிப்புடன் இருத்தல் அவசியம். பஞ்சாயத்து வேலையின்போது கம்பி அறுந்தால், நஷ்ட ஈடு கேட்டு நிறுவனம் பஞ்சாயத்தையே நாடி வரலாம். இதைத் தவிர்க்க, மத்திய அரசு 2023 மார்ச் 22 அன்று ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்னும் செல்பேசிச் செயலியைத் தொடங்கியது. தோண்டும் இடத்தை அதில் குறித்தால், அங்கு கம்பி புதைத்துள்ளோருக்குச் செய்தி செல்லும். கம்பிக்கு அருகில் பொக்லைன் இயந்திரத்தை விடுத்து, மண்வெட்டி கொண்டு கவனமாகத் தோண்டுவது நன்று. சேதத்திற்குப் பொறுப்பாளி யார் என்பதையும் ஒப்பந்தக்காரரிடம் முன்னரே எழுதி வாங்குவோம்.

வீட்டுக்காரர் புகார் செய்தவுடன் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். தீர்வு கிட்டாவிடில், நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். நுகர்வோர் மன்றத்தையும் நாடலாம் என்று 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது.

தோண்டுமுன் விசாரிப்பதற்குச் செலவில்லை. விசாரியாமல் தோண்டினால், ஊராரின் வரிப்பணம் நஷ்ட ஈட்டில் கரையும்.