ஒரு வாளி நீர்

அறநிலையங்கள் உண்டியல் ஏந்தியும், கொடிநாளிற் சிறு கொடிகள் விற்றும் பொருள் திரட்டுதல் நெடுநாளைய வழக்கம். இக்காலத்து இளைஞரோ தம் பொழுதிற் பெரும்பகுதியைக் கைப்பேசியிற் கழிக்கின்றனர். ஆண்டுச் சென்று அவர்களை அழைப்பது எங்ஙனம்? 2014-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்று இதற்கு விடை தருகின்றது.

ஏ.எல்.எஸ். என்பது கொடியதொரு நோய். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அதனாற் படிப்படியாய் மடியும்; கை கால்கள் ஓயும்; பேச்சு அடங்கும்; முடிவில் மூச்சும் நிற்கும். அதனை முற்றும் தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. கல்லூரிப் பேஸ்பால் அணியின் தலைவராய் விளங்கிய பீட் பிரேட்டிஸ் என்பார் 2012-இல், தம் 27-ஆம் வயதில், தமக்கு இந்நோய் உள்ளதென அறிந்தார். அவரும், இதே நோயுற்ற பாட் குவின் என்னும் இளைஞரும், முன்னரே விளையாட்டாக வழங்கிவந்த ஒரு பந்தயத்தை இந்நோயின் பொருட்டு எங்கும் பரப்பினர்.

பந்தயம் எளியது. பனிக்கட்டி மிதக்கும் நீரை ஒரு வாளி நிறைய எடுத்துத் தலையிற் கவிழ்த்துக்கொள்ளுதல் வேண்டும். அக்காட்சியைப் படம்பிடித்து முகநூலில் வெளியிடுதல் வேண்டும். பின்னர் நண்பர் மூவரைப் பெயர் சொல்லி அழைத்தல் வேண்டும். அழைக்கப்பெற்றோர் ஒரு நாளைக்குள் அங்ஙனமே செய்தல் வேண்டும். அன்றேல் பொருள் ஈதல் வேண்டும். இரண்டும் செய்தோர் பலர். மாணவர்களே! அஞ்சலில் வந்த அழைப்பிதழை மறந்துவிடுகிறோம். வீடு தேடி வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த திருமணத்திற்குப் போகாதிருக்க இயலுமோ? பந்தயத்தின் ஆற்றல் அவ்வழைப்பிலேயே இருந்தது. அன்றியும், அது இளைஞரிடம் பணத்தை மட்டும் கேளாது, ஒரு செயலையும் கேட்டது.

முகநூலில் 1 கோடியே 70 இலட்சத்திற்கு மேற்பட்ட படங்கள் வெளிவந்தன. ஏறத்தாழ எட்டு வாரங்களில் அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்திற்கு 11 கோடியே 50 இலட்சம் டாலர் சேர்ந்தது. நோயின் பெயரும் அறியாது நீரைக் கொட்டிச் சிரித்தோரும் உளர். நீர் வீணாயிற்று எனப் பழித்தோரும் உளர். ஐதராபாத்திற் பெண்மணி ஒருவர் நீருக்கு மாறாக ஒரு வாளி அரிசியை வறியவர்க்கு ஈயுமாறு அழைப்பு விடுத்தார். எனக்கு இதுவே இனிதாகத் தோன்றுகின்றது.

மறு ஆண்டிற் சங்கம் அப்பந்தயத்தை மீண்டும் தொடங்கியபோது மிகச் சிறு தொகையே கிட்டியது. கண்ட வேடிக்கையை இளைஞர் மறுமுறை காண விரும்பார் போலும்! ஆயினும், முன்னர்ச் சேர்ந்த பொருளுள் 7 கோடியே 70 இலட்சம் டாலர் ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்பெற்றது. பொருள் சென்ற வழியைச் சங்கம் ஊரறியக் காட்டியது. அவ்வுதவி பெற்ற ஆராய்ச்சியாளர், நோய்க்குக் காரணமாகும் மரபணுக்களுள் ஒன்றை 2016-இற் கண்டறிந்தனர். பிரேட்டிஸ் 2019-லும் குவின் 2020-லும் காலமாயினர். மரபணுச் செய்தி வெளிவந்த நாளில் இருவரும் உயிரோடிருந்தனர்.