ஃபீஸ் கட்டாமல் ஆங்கில இலக்கியம்

"பி.காம். முடிச்சாச்சு சார். ஆனா ஆசையெல்லாம் இங்கிலீஷ் லிட்ரேச்சர் மேலதான். ஃபீஸ் கட்டாம எம்.ஏ. அளவுக்குப் படிச்சிட முடியுமா?" திருவண்ணாமலை ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் ரோட்டு டீக்கடையில் ஒரு தம்பி கேட்டார். முடியும் தம்பி.

காலேஜில் நாம் பணம் கட்டுவது எதற்கு? எதை எந்த வரிசையில் படிப்பது என்ற பாடத்திட்டம், விளக்கிச் சொல்லும் வகுப்பு, எழுதியதைத் திருத்தித் தரும் ஆசிரியர். முதல் இரண்டும் இன்று காசில்லாமல் கிடைக்கின்றன. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. ஆங்கிலப் பாடங்கள் அதன் இ-ஞானகோஷ் தளத்தில் இருக்கின்றன. வகுப்புக்கு யேல் பல்கலைக்கழகமே வீடியோ போட்டிருக்கிறது: மில்டனுக்கு ஜான் ராஜர்ஸ், இலக்கியக் கோட்பாட்டுக்கு பால் ஃப்ரை. ஷேக்ஸ்பியர், டிக்கன்ஸ் எல்லாம் புராஜெக்ட் குட்டன்பெர்க்கில். ஒன்று மட்டும் கேளுங்கள்: கோட்பாட்டிலிருந்து தொடங்காதீர்கள். நாலு நாவலாவது ஊன்றிப் படிக்காதவருக்கு அது வெறும் சொற்குவியல்.

ஊன்றிப் படிப்பது என்றால் என்ன? நம் ஊரிலிருந்தே காட்டுகிறேன். ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் 1938-ல் ரமணாசிரமத்துக்கு வந்தார், மயங்கி விழுந்தார், ரமணரைப் பார்த்தார். 1944-ல் 'தி ரேசர்ஸ் எட்ஜ்' நாவல் வந்தது. அதில் லாரி என்ற அமெரிக்க இளைஞன் ஸ்ரீ கணேசர் என்ற குருவிடம் போய்ச் சேர்கிறான். அந்தக் குருவுக்கு மாதிரி ரமணர்தான். ஆனால் நாவலில் அந்த ஆசிரமம் திருவண்ணாமலையில் இல்லை, திருவிதாங்கூரில் இருக்கிறது. ஏன் இடத்தை மாற்றினார்? இன்னொன்று: லாரி தன் இந்திய அனுபவத்தைச் சொல்லும் ஆறாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில், இதைப் படிக்காமல் தாண்டினாலும் கதை விட்டுப்போகாது என்கிறார் மாம், அதே மூச்சில், இந்த உரையாடல் இல்லையென்றால் ஒருவேளை புத்தகத்தையே எழுதியிருக்க மாட்டேன் என்றும் சொல்கிறார். வாசகனை விலக்குகிறாரா, இழுக்கிறாரா? 1958-ல் வந்த கட்டுரைத் தொகுப்பில் ரமணரைப் பற்றி நேரடியாகவே எழுதினார். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்து, நாவலுக்காக எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்று நாலு பக்கம் எழுதினால் அது எம்.ஏ. வகுப்பில் செய்யும் வேலையேதான். மாம் இறந்தது 1965-ல். நம் சட்டப்படி அவருடைய எழுத்துகளுக்குப் பதிப்புரிமை 2025 முடிவு வரைதான்; அதன்பின் இவற்றையும் காசில்லாமல் படிக்கத் தடையில்லை.

திருத்தித் தரும் ஆள் மட்டும் டவுன்லோடில் வரமாட்டார். தனியாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். படித்துக்கொண்டே போவார்கள், எழுத மாட்டார்கள். எழுதினாலும் யாரிடமும் காட்ட மாட்டார்கள். தப்பு எங்கே என்று தெரியாமலே வருஷம் ஓடிவிடும். இக்னோவின் பழைய வினாத்தாளை எடுத்து, மணி பார்த்து பதில் எழுதுங்கள். கூடப் படிக்க ஒருவரைச் சேர்த்துக்கொண்டு மாற்றித் திருத்துங்கள்.

இப்படிப் படித்தால் பட்டம் வராது. காலேஜில் ஆங்கில ஆசிரியர் வேலைக்குப் போக எம்.ஏ. பட்டம் வேண்டும். அந்த நோக்கம் இருந்தால், கையில் பணம் சேர்ந்ததும் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்துவிடுங்கள், படித்தது எதுவும் வீணாகாது. அதுவரை திருத்தித் தர ஓர் ஆள் வேண்டுமே? உங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருக்கக்கூடும். மாதம் ஒரு கட்டுரையை அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கேட்கத் தயங்காதீர்கள்.