தற்காலிகப் பணி, முதல் வகுப்பறை

பி.எட். முடித்த கையோடு அரசுப் பள்ளியில் நிரந்தர வேலை கிடைத்துவிடாது. தமிழ்நாட்டில் 6 முதல் 10-ஆம் வகுப்பு வரை கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியராக, பட்டமும் பி.எட்.டும் போக, ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளிலும் தேற வேண்டும். அந்தத் தாளுக்கு 150 மதிப்பெண். தேர்ச்சிச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் தேவை. அதற்குப் பிறகும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு இருக்கிறது.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் பலருக்கும் கை கொடுப்பது தற்காலிகப் பணி. 2022-இல் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியே நிரப்ப அரசு முடிவெடுத்தது. அப்போது அறிவிக்கப்பட்ட மாதத் தொகுப்பூதியம் பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாய், முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய். உழைப்புக்கு இது மிகக் குறைவு. ஆனாலும் அந்த அனுபவம் வீண்போவதில்லை.

ஆண்டின் நடுவே வருபவர் முதலில் பாடம் எங்கே நின்றது என்று பார்க்க வேண்டும்.

மாணவர்களின் நோட்டுகளே அதைச் சொல்லிவிடும்: சிவப்பு மையில் கடைசியாகத் திருத்திய பக்கம் எது, எந்தக் கணக்கு விடையில்லாமல் பாதியில் நிற்கிறது. மறுநாள் பாடக்குறிப்பை அந்தக் கணக்கிலிருந்தே எழுதத் தொடங்கலாம்.