ஸ்கோலியோசிஸ் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியாச்சு... இனி எப்படிச் சமாளிப்பது?

முதுகுத்தண்டு பக்கவாட்டில் 10 டிகிரி அல்லது அதற்கு மேல் வளைந்திருந்தால் ஸ்கோலியோசிஸ். பெரியவர்களில் சிலருக்குத்தான் ஆபரேஷன் தேவைப்படும். திருகும் கம்பியும் வைத்து நிமிர்த்துவார்கள். பொதுவாக ஓரிரு நாளிலேயே நடக்க வைத்தாலும், எலும்போடு எலும்பு ஒட்ட 6 மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். அதுவரை குனியாதே, முறுக்காதே, வெயிட் தூக்காதே.

புதுச்சேரியிலோ சென்னையிலோ ஆபரேஷன் முடித்து சிதம்பரம் திரும்புபவருக்குச் சிக்கலே இங்குதான். தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, இந்தியன் டாய்லெட், வாசல் கோலம் எல்லாமே குனிகிற வேலை. கமோடு நாற்காலியை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். நடராஜரை நின்றபடி கும்பிட்டால் போதும், கோவிச்சுக்க மாட்டார். படுக்கையிலிருந்து எழும்போது தோளும் இடுப்பும் சேர்ந்து கட்டைபோல் ஒருக்களித்து உருண்டு, காலைத் தொங்கவிட்டு, கை ஊன்றி எழ வேண்டும்.

வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும். வீட்டுக்கு வந்த சில வாரங்களில் 'ஏன்தான் செஞ்சுக்கிட்டோமோ' என்று அழுகையும் வரலாம். அந்த நேரத்தில் இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் போனில் "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்வது பெரிய தெம்பு. அப்படி யாராவது பேசத் தயாரா என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் அவர் மூன்றாம் மாதம் ஆபீஸ் போனார் என்பதற்காக நீங்களும் கிளம்பக் கூடாது. எத்தனை எலும்பை இணைத்தார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அவருடைய மாத்திரையும் வேண்டாம். சில வலி மாத்திரைகள் எலும்பு ஒட்டுவதைத் தாமதமாக்கலாம்.

காய்ச்சல், காயத்தில் கசிவு, கால் பலமிழப்பு, சிறுநீர் அடைப்பு, கெண்டைக்கால் வீக்கம் என்றால் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். உடனே பழைய ராஜா முத்தையா மருத்துவமனைக்கு, அதாவது இன்றைய அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்; போகிற வழியிலேயே உங்கள் சர்ஜனுக்கும் சொல்லிவிடுங்கள்.