எலியட்ஸ் கடற்கரையில் ஒரு நாள்

கடலுக்கு இவ்வளவு அருகில் குடியிருந்துகொண்டு, கடலைப் பற்றி இவ்வளவு குறைவாக அறிந்தவர்கள் சென்னைவாசிகளாகிய நம்மைத் தவிர வேறு எங்கேனும் இருப்பார்களா என்பது சந்தேகமே. வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறோம். சுண்டல் வாங்கிக் கொடுத்து, அலையில் காலை நனைக்கச் சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அத்துடன் சமுத்திர தரிசனம் பூர்த்தியாகிவிடுகிறது!

ஆனால் ஒரு முழு நாளையும் கடலுக்கென்றே ஒதுக்கி வைத்தால், அது பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு பள்ளிக்கூடமாகவே ஆகிவிடும். அதற்கு மெரீனாவைக் காட்டிலும் தகுந்த இடம், அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே பெஸன்ட் நகரில் உள்ள எலியட்ஸ் கடற்கரைதான். சென்னையில் பிரதம மாஜிஸ்திரேட்டாக இருந்த எட்வர்ட் எலியட் என்ற ஆங்கிலேயரின் பெயர் இக்கரைக்கு நிலைத்துவிட்டது. பக்கத்து நகரமோ அன்னி பெஸன்ட் அம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மெரீனாவில் கடலை அடைவதற்குள் மணலில் நடந்தே கால் சோர்ந்துபோகும். இங்கே சாலையிலிருந்து சில நிமிஷ நடையில் அலையோரம் வந்துவிடும். பாட்டியையும் கைக்குழந்தையையும் அழைத்து வருபவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சூரியோதயத்துக்கு முன்பே வந்து சேருவது உத்தமம். கரையை ஒட்டியே ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் இருக்கின்றன. நாம் காப்பிக்கு அடுப்பு மூட்டும் நேரத்துக்குள் அங்குள்ள செம்படவர்களின் வேலை பாதி முடிந்திருக்கும். முன்னாளில் கட்டுமரங்கள் நிறைந்திருந்த கரையில் இப்போது பெரும்பாலும் ஃபைபர் படகுகளே தென்படுகின்றன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி வந்த ஆழிப்பேரலை இக்கரையோரத்துக் குடும்பங்கள் எதனாலும் மறக்க இயலாத ஒன்று. அப்படியிருந்தும் மறுபடி அதே கடலுக்குத்தான் அவர்கள் போகிறார்கள். காற்றின் திசையையும் நீரின் ஓட்டத்தையும் பார்த்து, இன்று கடலில் இறங்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் அவர்களுடைய அறிவு எந்தப் பாடப் புத்தகத்துக்கும் குறைந்ததன்று. குழந்தைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையுடன் பதில் சொல்லுபவர்களும் அவர்களில் உண்டு.

கரையின் மணலில் வெள்ளை வெளேரென்று வளைவுகளுடன் ஒரு சிறு மண்டபம் நிற்கிறது. அதன் நிழலில் நின்று படம் பிடித்துக்கொள்ளாத குடும்பம் அபூர்வம். அது எதற்காகக் கட்டப்பட்டது என்று கேட்டால் பதில் சொல்லுபவர்கள் அதைவிட அபூர்வம். 1930-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி இந்த இடத்துக்கு அருகே கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தம் உயிரை இழந்த கார்ல் ஷ்மிட் என்ற ஐரோப்பியரின் ஞாபகார்த்தம் அது. பிறருக்காக உயிரைக் கொடுத்த ஒருவரின் சின்னத்தின் முன்னால் நின்றுகொண்டே, அதே கடலில் குழந்தையை இடுப்பளவு நீருக்கு இழுத்துச் செல்லும் தகப்பனார்களை ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்க்கலாம்!

இவ்விஷயத்தில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னைக் கரையில் சில அடி தூரம் போவதற்குள்ளேயே தரை சரிந்து ஆழமாகிவிடுகிறது. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் நீர் எவ்வழியாவது திரும்பிப் போயாக வேண்டும் அல்லவா? அது குறுகிய ஒரு வாய்க்கால்போல் திரண்டு வேகமாகக் கடலை நோக்கி ஓடுகிறது. அந்த இடத்தில் அலை அதிகம் உடைவதில்லை. பார்வைக்கு அமைதியாகத் தோன்றும். 'இங்கே அலை இல்லை, பயமில்லை' என்று மனிதர்கள் தேடிப் பிடித்து இறங்குவது பெரும்பாலும் அங்கேதான். அந்த இழுப்பில் அகப்பட்டவன் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால், எத்தனை பலசாலியாயினும் களைத்துப் போவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பை விட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதவர்களுக்கோ கணுக்கால் அளவே போதுமானது. எச்சரிக்கைப் பலகை நம் உல்லாசத்தைக் கெடுப்பதற்காக நட்டதன்று. இதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதே கார்ல் ஷ்மிட்டுக்கு நாம் செலுத்தக்கூடிய உண்மையான அஞ்சலியாகும்.

வெயில் ஏறியதும் மணலை விட்டுவிட வேண்டியதுதான். 1976-ல் கும்பாபிஷேகம் நடந்த அஷ்டலக்ஷ்மி கோயில் அலையோசை கேட்கும் தூரத்தில் இருக்கிறது. அன்னை வேளாங்கண்ணி ஆலயமும் அருகிலேயே உள்ளது. கட்டிக்கொண்டு போன புளியோதரையையும் தயிர்சாதத்தையும் நிழலான ஓரிடத்தில் முடித்துக்கொண்டால், நண்பகலையொட்டிக் கடற்காற்று எழும். நிலம் சீக்கிரம் சூடேறுவதும், அதன்மேல் உள்ள காற்று மேலெழும்புவதும், அந்த வெற்றிடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஓடிவருவதும் பையன்கள் பள்ளியில் உருப்போட்ட பாடந்தான். இங்கே அதை முகத்திலேயே உணரலாம்.

மாலையில் சுண்டலும் மிளகாய் பஜ்ஜியும் அவசியம் உண்டு. ஆனால் காகிதத்தையும் பிளாஸ்டிக் பையையும் மணலில் எறிவது கூடாது. இந்த மணலுக்கு நம்மைவிட உரிமை கொண்டாடத்தக்க விருந்தாளி ஒருத்தி இருக்கிறாள். தை மாதம் தொடங்கிப் பங்குனி வரையில் இரவு வேளையில் கரையேறி, குழி தோண்டி, ஏறக்குறைய 100 முட்டைகளை இட்டு மூடிவிட்டுப் போகும் பங்குனி ஆமைதான் அவள். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. வெளிச்சமுள்ள திசையே கடல் என்று நம்பி, தெருவிளக்கை நோக்கி ஊர்ந்து மாண்டுபோகும் குஞ்சுகள் பல. 1988 முதல் மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, அந்தப் பருவத்தில் நீலாங்கரைக்கும் பெஸன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து, முட்டைகளைப் பத்திரமான இடத்துக்கு மாற்றிப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள். பொதுஜனங்களும் உடன் நடக்கலாம். இருட்டில் கண்விழித்து நடக்கும் அந்த இளைஞர்களின் தேசத்தொண்டு எந்த மேடைப் பிரசங்கத்துக்கும் இளைத்ததன்று.

ஒரு நாள் செலவு என்று பார்த்தால், பஸ் கட்டணமும் பஜ்ஜிக் காசுந்தான். அதற்கு ஈடாகக் கடலின் அழகை மட்டுமின்றி, அதன் வலிமையையும், அதை நம்பி வாழும் மனிதரையும் பிராணிகளையும் நம் குழந்தைகள் அறிந்து வருவார்கள். கடலிடம் அச்சமும் அன்பும் ஒருங்கே கொண்ட தலைமுறை ஒன்று வளருமானால், நம் கரைகளுக்கு அதைவிடச் சிறந்த காவல் வேறு வேண்டியதில்லை.