லூட் பாக்ஸை பெல்ஜியம் சூதாட்டம் என்றது ஏன்?

வீடியோ கேம்களில் காசு கொடுத்துத் திறக்கும் மெய்நிகர்ப் பெட்டிக்கு லூட் பாக்ஸ் என்று பெயர். உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்த பிறகே தெரியும். கால்பந்து விளையாட்டில் அது ஓர் ஆட்டக்காரரின் அட்டையாக இருக்கலாம். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் ஆயுதத்துக்கான வண்ணப் பூச்சாக இருக்கலாம். பெரும்பாலும் சாதாரணப் பொருள்தான் கிடைக்கும். அரியது வேண்டுமென்றால் மறுபடியும் காசு கட்ட வேண்டும்.

‘கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்’ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் பெட்டியைத் திறக்கும் சாவியின் விலை சுமார் 2.50 டாலர். சாவியைப் போட்டதும் ஆயுதப் படங்கள் திரையில் வரிசையாக ஓடி, வேகம் குறைந்து, ஒன்றில் வந்து நிற்கும். அரிய ஆயுதம் ஒரு கட்டம் தள்ளி நின்றுபோவதும் உண்டு. கிடைக்கப்போவது என்ன என்பதைக் கணினி முன்பே முடிவு செய்துவிடுகிறது. ஓடும் படங்கள் ஆவலைத் தூண்டுவதற்கான காட்சி மட்டுமே.

பரிசுகளின் நிகழ்தகவை வெளியிட வேண்டும் என்ற விதி சீனாவில் 2017-இல் அமலுக்கு வந்தது. அதன்படி வெளியான கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கின் கணக்கில், மிக அரிய பொருள் கிடைக்கும் வாய்ப்பு 0.26 சதவீதம். அதாவது சராசரியாக 385 பெட்டிகளுக்கு ஒன்று. சாவிகளுக்கு மட்டும் சுமார் 960 டாலர் ஆகும். அத்தனை பெட்டிகளைத் திறந்தாலும் 100 பேரில் 37 பேருக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. ஒவ்வொரு பெட்டியும் தனிக் குலுக்கல் என்பதால், முந்தைய தோல்விகள் அடுத்த வாய்ப்பைக் கூட்டுவதில்லை.

இருந்தும் கை ஏன் நிற்பதில்லை? அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில் இதற்கு விடை இருக்கிறது. எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி விழும் என்று ஊகிக்க முடியாதபோது புறாக்கள் ஓயாமல் கொத்தின. தீனி நின்ற பிறகும் வெகுநேரம் விடவில்லை. ஸ்லாட் மெஷின் இயங்குவது இந்த விதியில்தான். லூட் பாக்ஸும் அப்படியே. 2018-இல் டேவிட் செண்டில், பால் கெய்ர்ன்ஸ் இருவரும் 7,422 பேரிடம் நடத்திய ஆய்வில், சூதாட்டச் சிக்கல் கடுமையாக உள்ளவர்கள் லூட் பாக்ஸ்களுக்கு அதிகம் செலவிடுவது தெரிந்தது. எது காரணம், எது விளைவு என்பதை அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனால் எப்படிப் பார்த்தாலும், எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடமிருந்து நிறுவனங்களுக்குப் பணம் வருகிறது.

2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் ஃபிஃபா 18, ஓவர்வாட்ச், கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் ஆகியவற்றின் லூட் பாக்ஸ்கள் சட்டத்தை மீறுவதாக அறிவித்தது. அந்நாட்டின் 1999-ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு கூறுகளைப் பார்க்கிறது: விளையாட்டு, பந்தயம், வெற்றி தோல்வி, அதிர்ஷ்டம். பரிசை வெளியே விற்றுக் காசாக்க முடிய வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தண்டனை 8 லட்சம் யூரோ வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. சிறுவர்கள் சம்பந்தப்பட்டால் இரட்டிப்பு. ஓவர்வாட்ச்சின் பிளிசார்ட் நிறுவனம் அதே ஆண்டிலும், ஃபிஃபாவின் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2019 ஜனவரியிலும் பெல்ஜியத்தில் லூட் பாக்ஸ்களைக் காசுக்கு விற்பதை நிறுத்தின.

நெதர்லாந்தில் கதை வேறு. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு விதிக்கப்பட்ட 1 கோடி யூரோ அபராதத்தை அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2022-இல் ரத்து செய்தது. ஃபிஃபா திறமை சார்ந்த விளையாட்டு, அதன் லூட் பாக்ஸ்களான அட்டைப் பொதிகள் அதன் ஒரு பகுதி, தனிச் சூதாட்டம் அல்ல என்பது தீர்ப்பு.

தடை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் பெல்ஜியமே சான்று. அங்கு ஐபோனில் அதிக வருமானம் ஈட்டிய 100 விளையாட்டுகளை ஆய்வாளர் லியோன் ஷியாவ் சோதித்தபோது, தடை வந்து சில ஆண்டுகளான பின்னும் 82-இல் காசு வாங்கும் லூட் பாக்ஸ்கள் இருந்தன. பெரிய நிறுவனங்கள் பணிந்தன. கைபேசி விளையாட்டுகளை யாரும் கேட்கவில்லை. சிறுவர்களைக் காக்க வேண்டுமானால் தெளிவான சட்டத்தோடு, ஒவ்வொரு விளையாட்டையும் திறந்து பார்க்கும் ஆட்பலமும் ஆணையத்துக்கு வேண்டும். விதியை மீறும் செயலிகளை விற்கும் ஆப் ஸ்டோர்களும் பொறுப்பேற்க வேண்டும்.