தெளிந்த நீரில் திணறும் மீன்

மீன் தொட்டியில் தண்ணீர் பளிச்சென்று இருந்தால் மீனும் சுகமாக இருக்கும் என்று பலரும் நம்புகிறோம். கலங்கலைக் கண்டால் பதறுகிறோம். ஆனால் மீனைக் கொல்லும் அம்மோனியா நீரைக் கலக்குவதே இல்லை. மீனின் செவுள் வழியே ஓயாமல் வெளியேறும் கழிவு அது. தின்னாமல் மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுதான் பிறக்கும். புதுத் தொட்டியின் முதல் மாதத்தில் மீன்கள் அடுத்தடுத்துச் சாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இந்த நஞ்சை முறிப்பவை பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்கும். இரண்டு வேலையையும் ஒன்றே செய்துமுடிக்கும் நைட்ரோஸ்பைரா இனம் 2015இல்தான் தெரியவந்தது. இவை ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழும். போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். வாராவாரம் தொட்டியைக் கவிழ்த்து, கல்லையும் ஸ்பாஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவுகிறவர் அழுக்கோடு இந்தக் காவலையும் சாக்கடைக்கு அனுப்புகிறார்.

ஜலகண்டாபுரம் போன்ற மேட்டூர்ப் பக்கத்து ஊர்களில் கிடைப்பது இரண்டு தண்ணீர். குழாயில் வரும் காவிரியில் குளோரின் இருக்கும். அது செவுளை அரிக்கும், பாக்டீரியாவையும் கொல்லும். ஒருநாள் வாளியில் திறந்து வைத்து, ஏர் பம்பும் ஓடவிட்டால் போய்விடும். போர் தண்ணீரில் குளோரின் இல்லை. பாறையின் உப்பு கரைந்த கடினநீர் அது. கப்பி, மோலி மீன்கள் அதில்தான் செழிக்கின்றனவே என்பார்கள். உண்மைதான். ஆனால் கடினநீரின் பி.எச். பெரும்பாலும் கூடுதலாக இருக்கும், அம்மோனியாவின் கொடுமை அதோடு ஏறும். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் நஞ்சான வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை; பி.எச். 8இல் அது ஐந்து பங்கைத் தாண்டும். நம் சித்திரை வெயிலில் இன்னும் கூடும். அப்போது நீரில் கரையும் ஆக்சிஜனும் குறைந்துபோகும். ஆகவே போர் தண்ணீர்க்காரர்தான் தீனி போடுவதில் அதிகம் கையைச் சுருக்கவேண்டும்.

கோயில் குளத்து மீனுக்கு யார் ஃபில்டர் வைத்தார் என்று கேட்கலாம். குளத்தில் சேறும் பாசியும் செடியும் அந்த வேலையைச் செய்கின்றன. நீரின் அளவோடு பார்த்தால் மீனும் சொற்பம். 40 லிட்டர் தொட்டிக்கு அந்த வசதி இல்லை. வாரம் கால்பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். வெளியே எடுத்த அந்தப் பழைய நீரிலேயே ஸ்பாஞ்சை லேசாகப் பிழிந்து திரும்பப் போடுங்கள். அது வெள்ளையாக வேண்டியதில்லை.